பூப்பெட்டிக்குள் ஒரு பிளேஸ்டேஷன்

தலையைக் குனிந்து வாருங்கள். உத்திரம் தாழ்வு. நேற்று நான் இடித்துக்கொண்ட இடம் இன்னும் விண்விண் என்று தெறிக்கிறது. இது நிலக்கோட்டையில் என் அக்கா வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டகை. மாட்டை விற்று நாலு வருஷமாகிறது. இப்போது தரை முழுக்க மரத்தூள், இழைப்புளி உதிர்த்த சுருள், பாதி குடித்த டீ டம்ளர், இரண்டு அரம், ஒற்றைக்கால் ஹவாய் செருப்பு. செருப்பின் இன்னொரு கால் எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஐயோ, தொடாதீர்கள்! வார்னிஷ் காயவில்லை.

ஆமாம், நடுவில் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். ஆர்மோனியப் பெட்டியைக் கொஞ்சம் இழுத்து நீட்டிய மாதிரி இல்லை? அகலம் 27 அங்குலம், ஆழம் 18, உயரம் 8. முன்பக்கம் கீழே மடங்கி விழும் கதவு. பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். பின்பக்கம்? பின்பக்கமே கிடையாது! வெறும் கம்பி வலைதான். இதற்குள் குடிவரப் போகிறவர் ஒரு பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம். எடை 2.1 கிலோ. உயரம் வெறும் 39 மில்லிமீட்டர். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த என் மருமகனுக்கு, கை மாறி வந்த சரக்காக மதுரையில் வாங்கியது. பெட்டி, பில், கையேடு எதுவும் இல்லாமல் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். புதுசாக வந்திருந்தால் அட்டைப்பெட்டியாவது இருந்திருக்கும், இந்தக் கூத்தே நடந்திருக்காது.

கூத்து என்றா சொன்னேன்? திருவிழா! மூன்று வாரமாக இந்தக் கொட்டகையில் நடந்ததை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் கதவைத் திறந்து காட்டுகிறேன்.

முதலில் அந்த மூலையில் கிடக்கும் வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். தெர்மோகோல். மச்சானுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. நிலக்கோட்டையில் பூக்கடைக்காரர் வீடு என்றால் வீட்டில் நாற்காலி இருக்கிறதோ இல்லையோ, தெர்மோகோல் பெட்டி இருக்கும். கருக்கலில் வந்து இறங்கும் மல்லிகை மொட்டு தூரத்து ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஐஸ் வைத்து இதில்தான் கட்டுவார்கள். ராத்திரி விரிய வேண்டிய மொட்டை விரியவிடாமல் தாலாட்டிக்கொண்டு போகிற தொட்டில் இது. கூடுதலாகப் பூ வந்து விலை விழுந்தால் மிச்சம் சென்ட் கம்பெனிக்குப் போகும். மார்கழி, தை மாதங்களில் பூ வரத்து குறைந்துபோகும். அப்போது பெட்டிகள் எல்லாம் வீட்டுப் பரணுக்கு ஏறிவிடும்.

அந்தப் பரணில் இருந்துதான் மருமகன் ஒன்றை இறக்கினான். தூசி படாது, தங்கச்சி பாப்பா தண்ணீர் ஊற்றமாட்டாள், எடை இல்லை, காசும் இல்லை. பிளேஸ்டேஷன் கனகச்சிதமாக உள்ளே உட்கார்ந்தது. ஒயருக்கு ஒரு ஓட்டை. மூடியைப் போட்டு விளையாட ஆரம்பித்தான். கால் மணி நேரம் ஆனதும் பெட்டிக்குள்ளிருந்து உய்ய்ய்ய் என்று ஒரு சத்தம். மாவு மில் ஓடுகிறது என்று நினைத்து அப்பத்தா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் டிவி திரையில் எச்சரிக்கை வந்துவிட்டது: சூடு அதிகம், அணைத்துவிட்டுக் காத்திருக்கவும். மூடியைத் திறந்தால் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது அனல். அதோடு பழைய மல்லிகை வாசமும் சேர்ந்து குப்பென்று வந்தது. அந்தக் கலவையை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

"ஏன்டா, பூவே வாடாத பெட்டிடா அது! மெஷினு எப்படி வாடும்?" என்றார் மச்சான், உண்மையான வருத்தத்தோடு.

அங்கேதான் விஷயம் இருந்தது. பூவுக்கு வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது. இதற்கு உள்சூடு வெளியே போயாக வேண்டும். தெர்மோகோலுக்கு இரண்டும் ஒன்றுதான், எந்தப் பக்கத்துச் சூட்டையும் கடக்க விடாது. இந்த ஸ்லிம் மாடல் உச்சத்தில் 165 வாட் வரை மின்சாரம் இழுக்கும். இழுத்ததெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு மூன்றை அந்தப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடியது போலத்தான். கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்கள் அட்டைப்பெட்டியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டுத்தானே கதகதப்பு கொடுக்கிறார்கள்? நாங்கள் மூன்று பல்புக்குச் சமமானதைப் போட்டு, போர்வையும் போர்த்தியிருக்கிறோம்.

இணையத்தில் கையேட்டைத் தேடி எடுத்தோம். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த இயந்திரம் வேலை செய்யத் தகுந்த வெப்பநிலை 5 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரையாம்! சித்திரை மாதத்து நிலக்கோட்டையில் பகல் பதினோரு மணிக்கே அந்த 35-ஐத் தாண்டிவிடுகிறோம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதே இயந்திரத்துக்கு ஒப்பந்த மீறல். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், இடுக்கான இடத்தில் அடைக்கக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. ஆக, பெட்டி செய்வது என்று இறங்கினாலே கையேட்டோடு சண்டைக்குப் போகிறோம் என்று அர்த்தம். போனோம்.

சூட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்துக் கதையே இருக்கிறது. 2005-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ வெளியிட்டது. வாங்கியவர்கள் வீட்டில் அது அடுக்கடுக்காகச் சாக ஆரம்பித்தது. பொத்தானைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான், கதை முடிந்தது. சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, சிப்புக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போவதுதான் பெரும்பாலும் காரணம். 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். மருமகனிடம் இதைச் சொன்னேன். அன்று ராத்திரி பிளேஸ்டேஷனுக்கு மேஜை ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு அவன் வியர்வையில் படுத்துக் கிடந்தான்.

இரண்டாவது யோசனை அப்பத்தாவுடையது. மருமகனுக்கு அப்பத்தா, எனக்கு அத்தை. "ஏன்டா அலையிறீங்க? என் டிரங்குப் பெட்டி சும்மாத்தானே கெடக்கு. நான் கல்யாணமாகி வந்தப்ப கொண்டுவந்தது. இரும்பு. பூட்டு போட்டா எமனே வந்தாலும் தொறக்க முடியாது." பச்சைப் பெயின்ட், மூடியில் வெளுத்துப்போன ரோஜா. அழகான பெட்டி. மறுக்க மனசில்லாமல் உள்ளே வைத்துப் பார்த்தோம். மூடியை ஒருக்களித்துத் திறந்து வைத்திருக்கும் வரை எல்லாம் சுகம். ஒயர் போகிற இடுக்கை மட்டும் விட்டுவிட்டுச் சாத்தினால், திரையில் ஓடிக்கொண்டிருந்த கால்பந்து வீரன் திடீரென்று சொன்ன பேச்சைக் கேட்காமல் கோடு தாண்டி ஓடிப் போகிறான். திறந்தால் மறுபடி கேட்கிறான். சாத்தினால் செவிடு.

கண்ட்ரோலர் பேசுவது புளூடூத்தில். ரேடியோ அலை. மரத்தை அது ஊடுருவிப் போய்விடும், இரும்பு அதைத் தடுத்துவிடும். லிஃப்டுக்குள் போன் கட்டாகிறது இல்லையா, அந்த மாதிரி. "அத்தை, ஒங்க பெட்டிக்குள்ள பேசுனா அதுக்குக் காது கேக்க மாட்டேங்குது" என்றேன். "நல்லதுதானே" என்றார். அப்போது அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. இந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஆக மரம்தான் என்று முடிவானது. மரம் என்றால் ஆசாரி அண்ணன்.

அக்கா வீட்டு வாசக்கால் அவர் வைத்தது. எதிர்வீட்டு ஊஞ்சல், பக்கத்துத் தெருவில் பாதி சாமிமாடம், எல்லாம் அவர் கை. வந்து குத்தவைத்து உட்கார்ந்து பிளேஸ்டேஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயரைக் கையில் எடுத்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது நம்ம டேப்ரிக்கார்டர் ஒயருல்ல!" நிஜம்தான். எட்டு வடிவத்தில் இரண்டு ஓட்டை வைத்த அதே மின்சார ஒயர். எண்பதுகளில் கேசட் பாட்டு கேட்டவர்கள் வீட்டில் இன்றைக்கும் ஏதாவது ஒரு ஆணியில் தொங்கும். அந்த ஒயரைப் பார்த்த பிறகு அவருக்கு இயந்திரத்தின் மேல் இருந்த கூச்சம் போய்விட்டது. உறவு கண்டுபிடித்தாயிற்று அல்லவா!

டேப்பை இழுத்தார். "பத்து இஞ்சி, மூணரை நூலு." இந்தப் பக்கம் மருமகன் போனில் பார்த்து, "265 மில்லிமீட்டர்" என்றான். "நீளம் பதினொண்ணு, மூணு நூலு." "288." "ஒசரம் ஒண்ணரைக்குத் துளி கூட." "39." நான் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று அளவும் அச்சாகப் பொருந்துகிறது! ஜப்பான்காரன் கம்ப்யூட்டரில் போட்ட அளவை எங்கள் ஊர் நூல் கணக்கு அரை நூல் பிசகாமல் பிடித்துவிட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டியும்விட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"இரு பக்கமும் நாலு இஞ்சி விடணும்ணே. பின்னாடியும் நாலு."

"இம்புட்டூண்டுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுப் பெட்டி?"

விளக்கினேன். இந்த மாடல் பக்கவாட்டு இடுக்கில் காற்றை உள்ளே இழுக்கும், பின்பக்கமாகச் சூட்டை ஊதித் தள்ளும். தள்ளிய சூடு சுவரில் மோதித் திரும்பி, மறுபடி பக்கவாட்டில் உள்ளே போய்விட்டால், தன் மூச்சைத் தானே குடிக்கிற கதையாகிவிடும். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். பிறகு சட்டென்று தொடையில் தட்டினார்.

"வெங்காயப் பட்டறைன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

இந்த இடத்தில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் விலை வரும் வரை காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். தரையில் கொட்டினால் வேர்த்து அழுகிவிடும். கல் அடுக்கித் தளத்தைத் தூக்குவார்கள், பக்கத்தில் குச்சியோ மூங்கிலோ இடைவெளி விட்டுக் கட்டுவார்கள், மேலே கூரை போடுவார்கள். கீழே நுழைகிற காற்று வெங்காயத்தின் வெக்கையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். மின்விசிறி இல்லை, தெர்மாமீட்டர் இல்லை, மாதக்கணக்கில் வெங்காயம் தாங்கும். நாங்கள் ஒரு வாரமாக இணையத்தில் தேடிக்கொண்டிருந்த வரைபடம் ஆசாரி அண்ணன் அப்பாவின் காட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறது!

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "அடி தூக்கு. சைடுல கண்ணு வை. பின்னாடி பலகையே வேணாம்." பின்பலகை இல்லாமல் எப்படிப் பெட்டி என்று மச்சான் கேட்டார். "பட்டறைக்குச் சொவரு உண்டா?" என்று திருப்பிக் கேட்டார். மச்சான் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆசாரி அண்ணன் ரம்பத்தை எடுக்கும் முன் ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கொட்டகையில் வீடியோ கேமுக்குப் பெட்டி செய்கிறோம் என்று சிரிக்கிறவர்களுக்கு இது. இந்தக் குலத்தின் மூதாதையே மர வேஷம் போட்டவர்தான். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ரால்ஃப் பேர் என்ற எஞ்சினியர், நியூ ஹாம்ப்ஷயரில் ராணுவத்துக்கு மின்னணுக் கருவி செய்யும் சாண்டர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். வீட்டு டிவியில் நிகழ்ச்சி பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாதா என்ற எண்ணம் 1966-ல் அவரைப் பிடித்துக்கொண்டது. பில் ஹாரிசன், பில் ரஷ் என்ற இரண்டு சகாக்களோடு ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகள் செய்து பார்த்தார். 1968 வாக்கில் முடிந்த ஏழாவது மாதிரிக்கு மர ரேகை போட்ட ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டினார்கள். அதனால் அதன் பெயரே பிரவுன் பாக்ஸ், பழுப்புப் பெட்டி! 1972-ல் அதுவே மேக்னவாக்ஸ் ஒடிசி என்று கடைக்கு வந்தது, உலகத்தின் முதல் வீட்டு வீடியோ கேம் கன்சோல். அந்தப் பழுப்புப் பெட்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1977-ல் வந்த அட்டாரியும் முகப்பில் மர ரேகையோடுதான் வந்தது.

"அப்ப சன்மைக்கா ஒட்டுனாய்ங்கன்னு சொல்லுங்க" என்றார் ஆசாரி அண்ணன், பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. அதேதான்.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த தலைமுறை. 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் வந்த நின்டென்டோ ஃபேமிலி கம்ப்யூட்டர். அதன் இரண்டு பக்கத்திலும் பள்ளம் வைத்திருந்தார்கள், விளையாடி முடித்ததும் கண்ட்ரோலர்களை அதில் சொருகி நிறுத்திவிடலாம். கன்சோலே தனக்குப் பெட்டி! நாங்கள் சின்ன வயதில் விளையாடியதெல்லாம் அதன் நகல்கள்தான். கேசட்டைக் கழற்றி, வாயருகே வைத்து ஃபூ என்று ஊதி, மறுபடி அழுத்துவோம். அந்த ஊதலால் என்ன பயன் என்று யாரும் கேட்டதில்லை. எச்சிலின் ஈரம் உலோகப் பற்களை அரிக்கத்தான் செய்தது. ஆனால் ஊதாமல் போட்டால் விளையாட்டு வராது என்று தெருவே நம்பியது. அந்தப் பள்ளத்தின் ஞாபகத்தில்தான் இந்தப் பெட்டியின் வலப்பக்கத்தில் ஏழு அங்குல அறை கேட்டு வாங்கினேன். அதோ பாருங்கள், கண்ட்ரோலருக்கு இரண்டு குழி, மேலே வெல்வெட் துணி. பக்கத்தில் டிஸ்க் உறைகளைப் பக்கவாட்டில் நிறுத்தும் காடிகள், ஒவ்வொன்றும் 14 மில்லிமீட்டர் உறைக்கு ஐந்து நூல் அகலம்.

சரி, பலகைக்கு வருவோம். வீடு கட்டியபோது மிச்சமான 12 மில்லி பிளைவுட். ஆசாரி பாஷையில் நாலு நூலு. அதை வெட்டுவதற்கு முன் சீலிங் ஃபேன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு டம்மி செய்து பார்த்தோம். இதில்தான் ஒரு பெரிய தப்பு தப்பியது. முதல் திட்டத்தில் முன்கதவு மேலே தூக்குவதாக இருந்தது. டிஸ்க் வெளியே வரும் நேரத்தில் கதவு சரிந்து விழுந்தால் நீட்டிக்கொண்டிருக்கும் டிஸ்க் உடையும், எடுக்கப் போன விரலும் நசுங்கும். கதவைக் கீழ்நோக்கி மடிய வைத்தோம். திறந்தால் திண்ணை மாதிரி படுத்துக்கொள்ளும்.

இனி நெருங்கி வாருங்கள். இன்னும் நெருங்கி. பக்கவாட்டுத் துளைகளைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏழு. நான் கேட்டது வெறும் நீளக் கீற்று. டிரில்லில் இரண்டு ஓட்டை, நடுவில் ரம்பம், வேலை முடிந்தது. ஆசாரி அண்ணன் முதல் கீற்றை அப்படித்தான் போட்டார். நிமிர்ந்து பார்த்தார். பிடிக்கவில்லை. எதுவும் பேசாமல் வட்ட அரத்தை எடுத்துக் கீழ் முனையை உருட்ட ஆரம்பித்தார். மேல் முனையை அரைவட்ட அரத்தால் இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் கூராக்கினார். பிளைவுட்டை அரத்தால் ராவினால் அடுக்கு பெயர்ந்துவிடும். அதனால் ஒரே திசையில், மேலிருந்து கீழாக மட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் தூளை ஊதிவிட்டு. கால் மணி நேரத்தில் பலகையில் ஒரு மல்லிகை மொட்டு நின்றது. காம்பு இல்லாத, விரியப் போகிற மொட்டு. அதற்குப் பிறகு பதின்மூன்று மொட்டு. வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து, எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டு, அண்ணனுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். டீயிலிருந்து காபிக்குப் பதவி உயர்வு!

அடுத்து வந்தது அவமானம். ஒயர் துளை. பின்பக்கம் வலை என்றாலும் கீழே ஒரு சட்டம் ஓடுகிறது, அதில்தான் ஒயர் வெளியே வர வேண்டும். எச்டிஎம்ஐ ஒயரை நான்தான் அளந்து கொடுத்தேன். "ரெண்டரை நூலு மொத்தம்ணே, நாலு நூலு ஓட்டை போதும்." அழகாகத் துளைத்து, ஓரத்தை மழித்து, மெழுகு தேய்த்துக் கொடுத்தார். ஒயரை நுழைக்கப் போனால் பிளக் உள்ளே போகவில்லை. ஒயரின் தடிமனை அளந்தவன் அதன் தலையை அளக்கவில்லை! பிளக்கின் பிளாஸ்டிக் மண்டை இருபது மில்லிமீட்டருக்கு மேல் அகலம். ஆசாரி அண்ணன் என்னைத் திட்டவில்லை. "ஆனைய அளக்கச் சொன்னா வால அளந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். அந்தத் துளை இப்போது ஒன்றேகால் அங்குலம். உற்றுப் பார்த்தால் பழைய துளையின் வளைவு ஒரு ஓரத்தில் இன்னும் தெரியும். அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

வலை, ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பி. பல்லிக்காகவும் கரப்பானுக்காகவும். கதகதப்பான இருட்டு இடம் கரப்பான்பூச்சிக்கு நட்சத்திர ஓட்டல். ரிப்பேர் கடைகளில் பிளேஸ்டேஷனைப் பிரித்தால் குடும்பமாக வெளியே வருமாம். ஆனால் வலையும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும், தூசி படிந்தால் இன்னும் தடுக்கும். அதனால்தான் பின்பக்கம் முழுவதையும் வலையாக விட்டோம், நாலு திருகாணியில் கழற்றித் துடைத்துக்கொள்ளலாம். சரி, அந்தச் செருப்பு? கவிழ்த்துக் காட்டுகிறேன், பிடியுங்கள். நாலு மூலையிலும் நீல ரப்பர் தெரிகிறதா? பெட்டி வழுக்காது, அதிராது, தரையை விட்டு எழும்பியும் நிற்கும். பட்டறைக்குக் கல், இதற்கு ஹவாய் செருப்பு. அது என்னுடைய வலது கால்.

இந்தச் சமயத்தில் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "ஜூன்ல ஸ்கூல் தொறக்குது. ப்ளஸ் ஒன். பூட்டு இல்லாம இந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது."

பூட்டுக்கா பஞ்சம்? பக்கத்தில் திண்டுக்கல்! நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று பூட்டு வேலைக்குப் பேர் போன வட்டாரம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு. மெஷின் பூட்டு வந்து கைப்பூட்டுத் தொழில் மெலிந்துவிட்டது, செய்கிறவர்கள் இப்போது குறைவு. ஆனாலும் மச்சான் ஒரு மாங்காய்ப் பூட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். மாங்காய் வடிவம், உள்ளங்கை நிறையக் கனம், சாவியைத் திருப்பினால் 'ளக்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். கொண்டி, நாதாங்கி பொருத்தி மாட்டியதும் பெட்டிக்கு மீசை முளைத்த மாதிரி ஆகிவிட்டது. அரை அங்குலப் பிளைவுட்டுக்கு அவ்வளவு பெரிய பூட்டு அதிகம் என்பது என் கட்சி. அக்காவிடம் சொல்லவில்லை.

ஒத்திகை, முந்தாநாள் ராத்திரி. அப்போது வெளியே வார்னிஷ் பூசவில்லை, வெறும் பலகை. உள்ளே வார்னிஷே கிடையாது, சூட்டில் வாடை கிளம்பும் என்று விட்டுவிட்டோம். ஒன்பது மணிக்கு இயந்திரம் ஏறியது. மருமகன் விளையாடினான், ஆசாரி அண்ணன் பீடியைப் பற்றவைக்காமல் காதில் சொருகிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். பத்து மணி. மாவு மில் சத்தம் இல்லை. பத்தரை. வலைக்கு நேராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு மொட்டுத் துளையருகே மெல்லிய நூல் ஒன்றைப் பிடித்தார். நூல் மெதுவாக உள்பக்கம் சாய்ந்தது. "இழுக்குது" என்றார், பிள்ளை பால் குடிக்கிறது என்று சொல்கிற குரலில். பதினோரு மணி வரை ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. நான் கொட்டகையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினேன், ஒரு கால் செருப்போடு.

அக்கா வந்து இரண்டு கண்ட்ரோலரையும் குழியில் வைத்து, எண்ணி, கதவைத் தூக்கிச் சாத்தி, மாங்காய்ப் பூட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தூங்கப் போனார். ஆசாரி அண்ணன் கிளம்பினார். அப்போது மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு சரியில்லை.

"மாமா, ஒண்ணு காட்டவா?"

காக்கி டிராயர் பையிலிருந்து மூன்றாவது கண்ட்ரோலர் ஒன்றை எடுத்தான். கூட்டாளியுடையதாம், போன வாரமே இணைத்து வைத்துவிட்டானாம். நடுப் பொத்தானை அழுத்தினான். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. மொட்டுத் துளைகள் வழியாக மெல்லிய வெளிச்சம் கசிந்தது. சுவரில் டிவி விழித்துக்கொண்டது. மரம் ரேடியோ அலையைத் தடுக்காது என்பதற்காகத்தானே மரத்துக்கு வந்தோம்! பின்பக்கம் காற்றும் தாராளமாகப் போகிறது, பூட்டியபடியே விடியும் வரை விளையாடலாம்.

கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பதாக நாங்கள் நினைத்த அப்பத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அப்பவே சொன்னேன், டிரங்குப் பெட்டின்னு."

நாளை வார்னிஷ் காய்ந்துவிடும், பெட்டி வீட்டுக்குள் போகிறது. அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. கொட்டகைக்குள் உங்களை விட்டதே நான்தான், போகிற வழியில் வாசலில் அவர் பூ கட்டிக்கொண்டிருப்பார், தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதீர்கள். உத்திரம், உத்திரம்! தலை!